திரைச்சீலை ஓரம் நிற்பது யார்?

1992 அக்டோபர் 31, சனிக்கிழமை, இரவு 9.25 மணி. பிபிசி ஒன்றில் மைக்கேல் பார்க்கின்சன் வந்து நின்றார். நடிகர்களையும் விளையாட்டு வீரர்களையும் அவர் பேட்டி எடுப்பதை 1971-இலிருந்து பார்த்துவந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு அவர் வீட்டு மனிதர் மாதிரி. மேற்கு லண்டனின் நார்த்தோல்ட் பகுதியில், ஃபாக்ஸ்ஹில் டிரைவ் என்ற தெருவில், ஒரு வீட்டில் பேய் நடமாடுவதாகச் சொல்கிறார்கள். இன்றிரவு கேமராக்கள் அங்கேயே காத்திருக்கும், நடப்பதை நேரலையில் பார்க்கலாம் என்று அவர் அறிவித்தார். கீழே ஒரு தொலைபேசி எண் ஓடியது. சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது நேரலை அல்ல. முன்கூட்டியே எழுதி, நடித்து, பதிவு செய்து வைத்திருந்த தொலைக்காட்சிப் படம். பெயர் 'கோஸ்ட்வாட்ச்'. எழுதியவர் ஸ்டீஃபன் வோல்க், இயக்கியவர் லெஸ்லி மேனிங். 'ஸ்கிரீன் ஒன்' என்ற நாடக வரிசையில்தான் ஒளிபரப்பானது. எழுத்தாளர் பெயரும் தொடக்கத்திலேயே வந்தது. ஆனால் பார்க்கின்சன் பேச ஆரம்பித்த பிறகு அந்தப் பெயர் யார் நினைவில் நிற்கும்?

பேய்வீட்டுப் படம் என்றதும் மனதில் வரும் எதுவும் இதில் கிடையாது. பாழடைந்த பங்களா இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, வெள்ளைப் புடவை வகையறா எதுவும் இல்லை. ஓர் அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள், அவர்கள் குடியிருக்கும் சாதாரண வீடு, ஒரு ஸ்டூடியோ, தெருவில் வேடிக்கை பார்க்கும் கூட்டம். செட்டுக்கென்றோ தந்திரக் காட்சிக்கென்றோ பெரிதாகச் செலவழித்த அடையாளமே தெரியாது. பேயும் முழுப் படத்தில் சில நொடிகளுக்குமேல் கண்ணில் படாது. வழக்கமான திகில் படத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் முதல் அரைமணியில் கொட்டாவி வந்துவிடும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்த பேய்ப்படங்கள் மிகக் குறைவு என்பது புரியும்.

முதலில் மனிதர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்துக்காரர்களுக்கு அன்று இது தானாகவே தெரிந்திருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். வீட்டுக்குள் கேமராவோடு போகும் சாரா கிரீன், சனிக்கிழமை காலைகளில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தியவர். வெளியே தெருவில் மைக்கோடு கலாய்த்துக்கொண்டு நிற்பவர் நகைச்சுவைக்காரர் கிரெய்க் சார்ல்ஸ். ஸ்டூடியோவில் தொலைபேசிகளைப் பார்த்துக்கொள்ளும் மைக் ஸ்மித், நிஜ வாழ்க்கையில் சாரா கிரீனின் கணவர். பார்க்கின்சனோடு சேர்த்து நால்வரும் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். தினமும் இரவு செய்தி வாசிக்கும் ஒருவர், அதே குரலில், அதே நிதானத்தில், பக்கத்துத் தெருவில் பேய் இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த நம்பிக்கைதான் இந்தப் படத்தின் மூலதனம்.

மைக் ஸ்மித்தின் முகத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். படம் முழுக்க அவருக்குப் பெரிய வசனம் எதுவும் இல்லை. வீட்டுக்குள் நிலைமை கெடக்கெட, தொலைபேசி மேஜைக்குப் பின்னால் அந்த மனிதர் தொகுப்பாளர் என்ற தோரணையை இழந்து, மனைவியை அனுப்பிவிட்டுத் தவிக்கும் கணவராக மாறுகிறார்.

தொலைபேசி எண்ணும் நிஜம்தான். 081 811 8181 என்பது பிபிசி நேயர் நிகழ்ச்சிகளுக்குப் பல காலமாகப் பயன்பட்ட எண். சாரா கிரீனின் நிகழ்ச்சிக்குப் போன் செய்த பிள்ளைகளுக்கு மனப்பாடம். அன்றிரவு அழைத்தவர்களிடம் இது கற்பனைக் கதை என்று சொல்ல ஏற்பாடு இருந்தது. ஆனால் அழைப்புகள் குவிந்ததில் பலருக்குக் கிடைத்தது எங்கேஜ்டு டோன் மட்டுமே. அந்தச் சத்தத்தைக் கேட்டவர், நாடே பதறிப்போய் போன் செய்கிறது என்றுதானே நினைத்திருப்பார்?

படம்பிடித்த விதமும் இந்த நம்பிக்கைக்குத் துணைபோகிறது. சினிமாவுக்குரிய ஃபிலிம் பளபளப்பு இல்லை. செய்தியிலும் கிரிக்கெட்டிலும் பார்க்கிற வீடியோவின் தட்டையான வெளிச்சம். காமிரா ஆடுகிறது, மைக் எட்டிப் பார்க்கிறது, ஸ்டூடியோவுக்கும் வீட்டுக்கும் இடையே பேச்சு ஒரு கணம் தடைப்படுகிறது. மட்டமான தயாரிப்பு மாதிரித் தோன்றும் இவையெல்லாம் திட்டமிட்டுச் செய்தவை. முதல் அரைமணியின் அசமந்தமும் அப்படித்தான். வெளி ஒளிபரப்பு வண்டியைக் காட்டுகிறார்கள், வெப்பத்தைக் காட்டும் காமிராவை விளக்குகிறார்கள், தெருவாசிகளிடம் கருத்துக் கேட்கிறார்கள். நேரத்தை ஓட்டும் நேரலை எப்படி இருக்குமோ, அச்சு அசலாக அப்படி. இந்த இடத்தில் கைபேசியை எடுப்பவர்கள் படத்தை இழந்துவிடுவார்கள்.

ஏனென்றால் அந்த அரைமணிக்குள்தான் திரைச்சீலை வருகிறது.

ஆராய்ச்சிக்காகப் பிள்ளைகளின் படுக்கையறையில் காமிரா வைத்து எடுத்த பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறார்கள். இரவு. அக்காவும் தங்கையும் படுத்திருக்கிறார்கள். சாமான்கள் பறக்கின்றன, பிள்ளைகள் அலறுகிறார்கள். பார்க்கிறவரின் கண் தானாகவே பறக்கும் பொருள்கள் பின்னால் ஓடும். சற்று நேரத்தில் நேயர்களிடமிருந்து அழைப்புகள்: ஜன்னல் திரைச்சீலை பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரித் தெரிகிறதே! சரி, மறுபடி போட்டுப் பார்ப்போம் என்கிறார்கள் ஸ்டூடியோவில். பேய் ஆராய்ச்சியாளர் டாக்டர் லின் பாஸ்கோவும் (நடிகை கில்லியன் பெவன்) பார்க்கின்சனும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கிறார்கள். நிழலாக இருக்கலாம், துணியின் மடிப்பாக இருக்கலாம் என்று பேச்சு முடிகிறது.

ஆனால் போட்டுக் காட்டும் பதிவு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இல்லை. ஒருமுறை உருவம் இருக்கிற மாதிரி இருக்கும். இன்னொரு முறை அதே இடத்தில் வெறும் திரைச்சீலை. ஒரே காட்சியை மறுபடி பார்க்கிறோம் என்ற எண்ணத்தில் நாம் பார்க்க, இயக்குநர் வேறொன்றை வைத்துவிட்டார். தான் பார்த்ததா, கற்பனை செய்ததா என்று பார்ப்பவருக்கே சந்தேகம் வந்துவிடும். ரத்தமோ அலறலோ செய்ய முடியாத வேலையை இந்த ஓரிரு நொடிகள் செய்துவிடுகின்றன. முதல் தடவை பார்க்கும்போது ரிமோட்டைத் தொடக்கூடாது என்று சொல்வதற்கு இதுவே காரணம். நிறுத்திப் பார்த்தால் உறுதி கிடைத்துவிடும். உறுதி கிடைத்தால் பயம் போய்விடும்.

பேயின் பெயரைக் கவனித்தாலே வோல்க் எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார் என்று தெரியும். இரவில் தட்டுகிற சத்தம் கேட்டுப் பிள்ளைகள் பயந்தபோது, அது தண்ணீர்க் குழாய்ச் சத்தம்தான் என்று அம்மா சமாதானம் சொல்லியிருக்கிறாள். எந்த வீட்டிலும் சொல்கிற பதில். குழாய் என்பதற்கு ஆங்கிலத்தில் 'பைப்ஸ்'. பிள்ளைகள் அதையே அந்த ஆளின் பெயராக்கிக்கொண்டார்கள். அம்மா சமாதானத்துக்குச் சொன்ன சொல்லே பயத்துக்குப் பெயராகிவிட்டது. இதற்குப் பிறகு படத்தில் எங்கே குழாய் தட்டினாலும் பார்ப்பவரின் முதுகு நிமிரும். இடையிடையே கேட்கும் பூனைகளின் ஓலத்தையும் அப்படியே காதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் போதும், ஆனால் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும்.

நடுப்பகுதியில் ஒரு திருப்பம் உண்டு; படத்தின் இதயமே அதுதான். தட்டுகிற சத்தத்தை மூத்தவள் சுசான்தான் எழுப்புகிறாள் என்பது காமிராவில் மாட்டிவிடுகிறது. அவ்வளவுதானா என்று ஸ்டூடியோவில் ஒரு நிம்மதி. நாடே பார்க்க ஒரு சிறுமி பொய்க்காரியாக நிற்கிறாள். அந்த நேரத்தில் அவள் முகத்தையும் அம்மா பமீலாவின் முகத்தையும் பார்க்க வேண்டும். பமீலாவாக நடித்த பிரீட் பிரென்னன், அவமானமும் களைப்பும் சேர்ந்த ஒரு தாயை எந்த மிகையும் இல்லாமல் கொண்டுவந்திருக்கிறார். அக்கா தங்கையாக நடித்தவர்கள் உண்மையிலேயே சகோதரிகள். அந்த ஒட்டுதலும் திரையில் தெரிகிறது. இத்தனை காமிரா வந்து உட்கார்ந்த பிறகு ஒன்றுமே நடக்காவிட்டால் தன்னை யார் நம்புவார்கள் என்ற நெருக்கடிதான் அந்தப் பிள்ளையை அப்படிச் செய்ய வைத்தது என்று படலாம். அவளுடைய பொய் பிடிபட்டதாலேயே, பிறகு வரும் உண்மையை நம்ப யாருக்கும் மனம் வருவதில்லை.

இந்தத் திருப்பம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1977 முதல் 1979 வரை வடக்கு லண்டனின் என்ஃபீல்டில் ஒரு வீட்டில் தட்டும் சத்தம், பறக்கும் சாமான், சிறுமியின் வாயிலிருந்து கரகரத்த ஆண்குரல் என்று பத்திரிகைகள் அல்லோலகல்லோலப்பட்டன. நம் ஊரில் கூரைமேல் கல் விழுந்தால் குட்டிச்சாத்தான் வேலை என்பார்களே, அதே ரகம். அங்கும் பிள்ளைகள் சில குறும்புகளைத் தாங்களே செய்து மாட்டினார்கள். எது நடிப்பு, எது நிஜம் என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. வோல்க் எடுத்துக்கொண்டது அந்த ஓயாத வாதத்தை.

வீட்டின் முன்கதை வரும் விதமும் ரசிக்க வேண்டியது. உட்கார வைத்து யாரும் ஃபிளாஷ்பேக் சொல்வதில்லை. போன் செய்கிறவர்கள் ஆளுக்கொரு துண்டைத் தருகிறார்கள். முன்பு அங்கே தங்கி, மாடிப்படிக்கு அடியில் உள்ள சிறிய அறையில் தூக்கிட்டுக்கொண்ட ரேமண்ட் டன்ஸ்டல். அவனைப் பிடித்திருந்ததாகச் சொல்லப்படும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசு வாங்கிக்கொண்டு பிறர் குழந்தைகளை வளர்த்து அவர்களைக் கொன்ற மதர் செடன்ஸ் என்ற பெண். ஒரு பேய்க்குள் இன்னொரு பேய். துண்டுகளைப் பார்ப்பவரே கோக்க வேண்டும். பார்க்கின்சன் அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார்.

கடைசிப் பகுதியில் சுவரில் மாட்டிய படம் ஒன்றின்மேல் ஒரு கண் இருக்க வேண்டும். வீட்டோடு தொடர்பு அறுந்து, பிறகு காட்சி திரும்பி வருகிறது. எல்லாம் அமைதி. ஸ்டூடியோவில் மூச்சு விடுகிறார்கள். லின் பாஸ்கோ மட்டும் திரையை உற்றுப் பார்க்கிறார். முன்பு கீழே விழுந்த படம் மறுபடி சுவரில் தொங்குகிறது. அப்படியானால் இது இப்போது நடப்பது அல்ல, முன்னமே பதிவானது. அதை அனுப்பிக்கொண்டிருப்பது யார்? நாடே சேர்ந்து உட்கார்ந்து ஆவியை அழைத்துவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் உறைக்கிறது. கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருப்பதே பேய்க்கு வழி திறந்துவிட்டது. இதே பிபிசியில் 1972 கிறிஸ்துமஸ் அன்று வந்த நைஜல் நீலின் 'தி ஸ்டோன் டேப்' படமும் பேயையும் பதிவுக் கருவியையும் மோதவிட்டது. இதை ரசித்தவர்கள் அதையும் தேடிப் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. நியூயார்க்கிலிருந்து செயற்கைக்கோள் வழியே வரும் அவநம்பிக்கைக்கார நிபுணரின் நடிப்பு நாடகமேடை ரகம். ஸ்டூடியோவில் காற்று சுழன்று விளக்குகள் வெடிக்கும் இடம், அதுவரை அடக்கி வாசித்த படத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அதற்கடுத்து, இருண்ட ஸ்டூடியோவில் பார்க்கின்சன் தனியாக நடந்தபடி மழலைப் பாட்டை முணுமுணுப்பது எல்லாவற்றையும் மீட்டுவிடுகிறது. அந்தக் குரல் அவருடையது அல்ல.

குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கவே கூடாது. இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல. காலையில் தங்களைச் சிரிக்க வைத்த சாரா கிரீன் மாடிப்படிக்கு அடியில் உள்ள அந்த இருட்டு அறைக்குள் நுழைய, கதவு மூடிக்கொள்வதைப் பார்த்த பிள்ளைகள் உடைந்துபோனார்கள். அவர் நலமாக இருப்பதைக் காட்ட, அடுத்த சில நாளில் குழந்தைகள் ஒளிபரப்பில் அவரே தோன்ற வேண்டியிருந்தது. இந்தப் படத்தால் மனக்காயம் அடைந்த பத்து வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றி மருத்துவர்கள் 1994-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கோபமாக வந்த புகார்கள் ஏராளம். பிபிசி இதை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. படத்தின் திறமையை எவ்வளவு மெச்சினாலும், அந்தப் பிள்ளைகளின் பயத்தைக் கணக்கில் எடுக்காமல் மெச்ச முடியாது.

இரண்டாம் தடவை பார்க்கும்போது ரிமோட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பைப்ஸாக நடித்த கீத் ஃபெராரி எங்கெல்லாம் நிற்கிறார் என்று தேடுவது தனிச் சுகம். தெருக்கூட்டத்தின்மேல் காமிரா நகரும்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும். கதவுக் கண்ணாடியில் விழும் பிம்பங்களை விடக்கூடாது. சாரா கிரீன் அந்தச் சிறிய அறையைத் திறக்கும் கணத்தில், அவரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் இருட்டைப் பார்க்க வேண்டும். மொத்தம் எத்தனை இடம் என்பதில் ரசிகர்களுக்குள் இன்னும் ஒத்த கணக்கு கிடையாது.

2002-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் வெளியிடும்வரை பத்தாண்டுகள் இந்தப் படம் உயிரோடு இருந்தது, அன்றிரவு சிலர் வீட்டு விசிஆரில் பதிவு செய்து வைத்திருந்த கேசட்டுகளில். கைமாறிக் கைமாறித் தேய்ந்த அந்த நாடாக்களில் படுக்கையறைக் காட்சி வந்ததும், பார்க்கின்சன் செய்த மாதிரியே, அவர்களும் பின்னால் ஓட்டி, டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, திரைச்சீலை ஓரத்தை மறுபடி மறுபடி பார்த்தார்கள்.