வராகத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார்கள்

பரிபாடலின் இரண்டாம் பாடலை வைத்துப் பெருவெடிப்பை நிறுவாத தமிழ் மேடை இப்போது அரிது. தூத்துக்குடி வட்டாரத்தில் பள்ளி ஆண்டுவிழா, இலக்கிய மன்றம், புத்தகக் கண்காட்சி என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் வானம், காற்று, தீ, மழை, வெள்ளம், நிலம் என்று விரல் மடக்கி, இன்றைய விஞ்ஞானத்தைக் கீரந்தையார் அன்றே பாடிவிட்டார் என்று முடிப்பார். கைதட்டல் நிச்சயம். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த 2023 டிசம்பருக்குப் பிறகு, பாடல் சொல்லும் மழை ஊழியை விளக்கப் பேச்சாளர் உவமைகூடத் தேட வேண்டியதில்லை.

பாடல் பெரிய பாடல்தான். உலகம் ஒரு நொடியில் ஆகிவிடவில்லை, படிப்படியாக ஆனது என்று எண்ணிப் பார்த்த மனம் சாதாரணமானதல்ல. அந்தக் காலநீட்சியைச் சொல்ல நெய்தல், ஆம்பல், சங்கம், வெள்ளம் என்று பேரெண்களின் பெயர்களை அடுக்குகிறார் புலவர். முத்துக்கும் சங்குக்கும் மூழ்கிய கடற்கரையில் நின்று படிக்கும்போது, சங்கு ஓர் எண்ணாகவும் இருந்தது என்பது தனி இன்பம். இதற்குமேல் புகழ எனக்கு வேறொன்றுமில்லை. என் சண்டை பாடலோடு அல்ல, அதை வெட்டி எடுக்கிறவர்களோடு.

மேடையில் ஒலிக்கும் பகுதி, பாடலின் தலையையும் காலையும் வெட்டியது. பாடலில் ஊழிகளின் வரிசை சூனியத்தில் தொடங்கவில்லை. ஏற்கெனவே இருந்த வானுலகும் மண்ணுலகும் பாழ்பட்ட பிறகே மறுபடி தோற்றம் நிகழ்கிறது. அழிவதும் ஆவதும் மாறிமாறி வரும் சுழற்சி அது. ஒரே ஒரு தொடக்கம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. நிலம் வந்த பிறகு பேரெண்கள் வருகின்றன, அவற்றை ஒட்டித் திருமால் பன்றி உருவம் கொண்ட வராக ஊழி வருகிறது. நம் பேச்சாளர்கள் சரியாக வராகத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். நாலு வரி விஞ்ஞானம், ஐந்தாவது வரி புராணம் என்று பிரித்துக்கொள்ளும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது? கீரந்தையார் கொடுக்கவில்லை. அவருக்கு இரண்டும் ஒரே துதிதான்.

உ.வே.சாமிநாதையர் 1918இல் பரிபாடலைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தார். வானிலிருந்து காற்று, காற்றிலிருந்து தீ, தீயிலிருந்து நீர், நீரிலிருந்து நிலம் என்ற ஐம்பூத முறையாகவே அந்த உரை இதைக் கொள்கிறது. தைத்திரீய உபநிடதத்திலும் இதே வரிசைதான். பாரதமெங்கும் பரவிய பொதுக் கொள்கை ஒன்றைத் தமிழில் அழகாகச் சொன்னார் புலவர். பெருவெடிப்பின் முன்வடிவத்தை லெமைத்ர் 1931இல் முன்வைத்தார். அதுவரை பதின்மூன்று ஆண்டுகள் அச்சில் கிடந்த இப்பாடலில் அதைக் கண்டு சொன்னவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. விடை வந்த பிறகுதான் வினாத்தாள் கண்ணில் படுகிறது.

சரி, விடையாவது பொருந்துகிறதா? பூமி உருவாகி ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைகளில் கிடைத்த சிர்கான் மணிகள், சுமார் 440 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் நீர் இருந்திருக்கும் என்று காட்டுகின்றன. முதலில் பாறைக் கோளம், பிறகு நீராவி, அது குளிர்ந்து மழை. பாடலிலோ மழை முந்தியது, நிலம் பிந்தியது. விழுவதற்குத் தரையே இல்லாமல் எங்கே பெய்தது அந்த மழை? இதைக் கேட்டால், நிலம் என்றது கடலிலிருந்து எழுந்த கண்டங்களை என்று பதில் வரும். தீக்கு முன்னால் காற்று ஏன் என்றால், அது விண்வெளி வாயு. எங்கே பிடித்தாலும் நழுவுகிற இந்த வாதத்தை யாரும் தோற்கடிக்க முடியாது. அதனாலேயே அது எதையும் சொல்லவில்லை. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் மூவரும் முன்வைத்த மாறாநிலைக் கொள்கை, தொடக்கமே இல்லாத பிரபஞ்சத்தைப் பேசியது. அது வென்றிருந்தால் இதே பாடலின் முதல் வரிகள், தொடக்கமின்மைக்குச் சான்றாக, இதே மேடையில் ஏறியிருக்கும். தட்டுகிற கைகளும் அவையேதான்.

இந்த வித்தை தமிழ் மேடைக்கு மட்டும் உரியதல்ல. இந்தக் கரையின் சபைகளிலும் பிரசங்கிக்கப்படும் ஆதியாகமம், மழை பெய்வதற்கு முன் மூடுபனி எழும்பித் தரையை நனைத்தது என்கிறது. அதையும் வைத்து, ஆதி வானத்தைச் சுற்றி நீராவிக் கூரை இருந்தது என்று 1961இல் அமெரிக்காவில் விட்கோமும் மாரிஸும் ஒரு புத்தகத்தில் வாதிட்டார்கள். ஊழிவெள்ளத்துக்குப் போதுமான நீராவி மேலே நின்றிருந்தால், கீழே உயிர்கள் வெந்து போயிருக்கும். அவர்கள் வழிவந்த படைப்புவாதிகள் பலரே பிறகு அதைக் கைவிட்டார்கள். கைவிட முடிந்ததே, அந்த அளவுக்கு அவர்கள் நேர்மையானவர்கள். கணக்குப் போட்டுப் பார்க்க இடம் கொடுத்தார்கள்.

கொண்டல், வாடை, சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துத் தொழில் செய்யும் கடலோடிக்கு, எங்கே பிடித்தாலும் நழுவுகிற வசதி இல்லை. சோழகம் தணியும் என்று அவர் சொல்லித் தணியாவிட்டால், அன்று மாலையே கரையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பழைய வானிலை வேண்டுமென்றால் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துச் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி 1956இலேயே சாய்னரும் ஆல்சினும் எழுதினார்கள். மணல்துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. கடல்மட்டம் தாழ்ந்திருந்த நாளில் வெளிப்பட்ட மணலைக் காற்று வாரிக் குவித்தது என்கிறார்கள் ஒரு சாரார். மேற்கே இருந்து பருவக்காற்று கொண்டுவந்தது என்கிறார்கள் இன்னொரு சாரார். மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளிர்வு முறையால் கணிக்கிறார்கள். இந்தச் சண்டையில் ஒரு தரப்பு தோற்கக்கூடும். பள்ளிப் பிள்ளைகளைத் தேரிக்கு அழைத்துப் போக ஒரு பேருந்து போதும். நம் ஆட்களோ அவர்களைப் பந்தலில் உட்காரவைத்து விரல் மடக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.