ஒரு பெயரும் பல கண்ணகிகளும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடந்து, எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் நாட்டை இரு கூறாக வகுத்திருப்பினும், அவ்விரு கரையாரையும் ஒருங்கே பிணைத்து நிற்கும் பெயர் ஒன்று உண்டென்றால் அது கண்ணகி என்னும் பெயரேயாம். செட்டிபாளையம், மகிழூர், வந்தாறுமூலை, முதலைக்குடா என வாவியைச் சூழ்ந்த ஊர்களிலும், தெற்கே காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கோயில் கொண்டிருக்கும் தெய்வத்துக்கு அதுவே திருநாமம். பொதுமக்கள் வாயில் அது ‘கண்ணகை அம்மன்’ என்று வழங்கும். வைகாசி மாதத்தில் உடுக்கொலியோடு பாடப்பெறும் காவியத்தின் தலைவிக்கும் அதுவே பெயர். கொம்பு விளையாட்டில் களமிறங்கும் இரு கட்சிகளுள் ஒன்று அவளுடைய கட்சி. அக்கரைப்பற்றுப் பகுதியில் கண்ணகிபுரம், கண்ணகி கிராமம் என்று ஊர்களும் உள்ளன. அப்பெயர் தாங்கிய பாடசாலைகளும் பல; பெண்மக்களும் பலர். கடல் கடந்து நோக்கினால் சென்னைக் கடற்கரையில் ஒரு சிலை, இரண்டு பிரசித்தமான திரைப்படங்கள், ஒரு குடியிருப்பு என்று இவ்வரிசை மேலும் நீள்கிறது. இத்தனையும் ஒருத்தியின் பெயரால் வழங்குவது பண்பாட்டுக்கு ஆக்கமா, அன்றி அப்பெயருக்குரியவளை மறைத்துவிடும் கேடா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். மட்டக்களப்பார் வணங்கும் கண்ணகி இளங்கோவடிகள் காட்டிய கண்ணகியின் நேர்ப்பிரதி அல்லள். சிலப்பதிகாரக் கண்ணகி புகார் நகரத்து வணிகனான மாநாய்கனின் மகள். மானுடப் பெண்ணாகப் பிறந்து, மானுடத் துயரங்களை அனுபவித்து, இறுதியிலேயே தெய்வமாகிறாள். ஈழத்தில் வழங்கும் ‘கண்ணகி வழக்குரை’யிலோ அவள் பிறப்பே அதிசயம்: பாண்டியன் நாட்டில் ஒரு மாங்கனியினின்றும் தோன்றி, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, வணிகர் கைப்பட்டு வளர்கின்றவள் அவள். அவளது சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கலம் செலுத்துவதும், வெடியரசன் அவனை எதிர்த்துப் பொருவதுமான நெடிய கடற்பயணக் கதை இளங்கோவின் நூலில் இல்லாதது. கடலையும் கலத்தையும் நம்பி வாழ்ந்த ஈழத்துக் கரையோர மக்களின் அனுபவமே அங்குக் காவியமாயிற்று. ஏறத்தாழ இதே கதை யாழ்ப்பாணத்தில் ‘கோவலனார் கதை’ என்றும், வன்னியில் ‘சிலம்பு கூறல்’ என்றும் வழங்கிற்று. மட்டக்களப்பில் ஏட்டுப் பிரதிகளாய்க் கோயில்தோறும் பேணப்பட்ட வழக்குரையை ஒப்புநோக்கி 1968இல் பதிப்பித்த பெருமை, ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் அரிய நூலை இயற்றிய பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களுக்குரியது. ஆகவே பெயர் ஒன்றாயினும், அதன்கீழ் குறைந்தது இரண்டு கண்ணகிகளேனும் இருக்கின்றனர் என்பது நூல்களைக் கொண்டே விளங்கும்.

இவ்விருவரின் வேறுபாடு கதையோடு நின்றுவிடுவதன்று; வழிபாட்டில்தான் அது முழு உருவம் பெறுகிறது. பல கண்ணகி கோயில்கள் ஆண்டின் பெரும்பகுதியும் அடைத்தே இருக்கும். வைகாசியில் ‘திருக்கதவு திறத்தல்’ என்னும் சடங்கோடு விழாத் தொடங்கி, கல்யாணக்கால் நட்டு, நாள்தோறும் வழக்குரையின் பகுதிகளை முறைப்படி பாடி, கோவலன் கொலையுண்டதும் கண்ணகி வழக்காடியதும் மதுரை எரிந்ததும் ஆகிய கட்டங்களைக் கடந்து, முடிவில் ‘குளிர்த்தி’யில் வந்து நிறைவெய்தும். அன்று ‘கப்புகனார்’ எனப்படும் பூசகர் குளிர்த்திப் பாடல் ஒலிக்க, நீரும் வேப்பிலையும் கொண்டு அம்மனின் கோபாக்கினியைத் தணிவிப்பார். திரண்டிருக்கும் பெண்கள் அந்தத் தீர்த்தத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று பிள்ளைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் தெளிப்பர். அம்மை நோயும் கோடை வெப்பமும் வறட்சியும் அவளது சினத்தின் வடிவங்கள் என்றும், அவள் குளிர்ந்தால் மழை பெய்து வயல் விளையும் என்றும் நம்புகின்ற உழவர் சமுதாயத்துக்கு, அவள் மதுரையை எரித்தாள் என்பதைவிட எரித்த பின் ஆறினாள் என்பதே முக்கியமாயிற்று. நீதிக்காகக் கொதித்தெழுந்தவளை அந்நிலையிலேயே நிறுத்திவிடாமல், அவளது வழக்கை ஆண்டுதோறும் முழுமையாகக் கேட்டு, அவள் பக்கமே நியாயம் என்று ஒப்பி, அதன் பின்னரே ‘அமர்ந்தருள்க’ என்று வேண்டிக்கொள்கிற இந்த ஒழுங்கில் உளநூலார் வியக்கத்தக்க நுட்பம் ஒன்று அடங்கியிருக்கிறது.

கொம்பு விளையாட்டும் இத்தகையதே. செண்பகப் பூப் பறிக்கச் சென்ற கோவலனும் கண்ணகியும் ஏந்திய தொரட்டிக் கோல்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கொள்ள, இருபுறத்துத் தோழரும் கூடி இழுத்தனர் என்பது அதற்குக் கூறப்படும் ஐதிகம். ஊரார் பிறப்பு வழியே வடசேரி, தென்சேரி என இரு சேரியாகப் பிரிந்து, வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றிலொன்று மாட்டி, வடம் பூட்டி, ஒன்று முறியும் வரையில் இழுப்பர். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. தோற்றவரை வென்றவர் வசைப்பாட்டால் எள்ளுவதும் உண்டு. கணவன் மனைவிக்கிடையே எழுந்த சிறு விளையாட்டுப் பூசல், கொள்ளை நோயை விரட்டும் ஊர்ச்சடங்காக மாறி, அதற்கும் ஒரு தெய்வத்தின் பெயர் காவலாக நிற்பதனால், ஊரின் உட்பகை வடத்தில் வெளிப்பட்டு அங்கேயே ஒழிய வழி ஏற்படுகிறது.

இனி, இப்பெயர் வழக்கின் மிகச் சிறந்த பயனை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் கண்ணகை எனப்படுபவளே சிங்கள மக்களிடையே பத்தினி தெய்யோ. செங்குட்டுவன் பத்தினிக்கு எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூற, அவனே அவ்வழிபாட்டை இத்தீவுக்குக் கொணர்ந்தான் என்று சிங்கள மரபும் கூறுகிறது. கண்டியின் நான்கு தேவாலயங்களுள் பத்தினியுடையதும் ஒன்று. எசல பெரஹராவில் அதற்கும் நிலையான இடம் உண்டு. நமது கொம்பு விளையாட்டு அங்கே ‘அங்கெலிய’. நமது போர்த்தேங்காய் விளையாட்டு அங்கே ‘பொல்கெலிய’. மாங்கனியில் பிறந்த கதையும் இரு மொழிக்கும் பொது. பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் இவ்வொற்றுமைகளை விரிவாக ஆராய்ந்துள்ளது. இரு சமூகத்தாரும் பல்லாண்டுகள் ஒருவரையொருவர் ஐயுற்றும் அஞ்சியும் வாழ்ந்த ஒரு நாட்டில், இருவர் வீட்டுக் குழந்தைக்கும் அம்மை கண்டபோது இருவரும் ஒருத்தியையே நினைத்தனர் என்பது சாதாரணச் செய்தியன்று. பெயர் பகிரப்பட்டதால் போர் நின்றுவிடவில்லை என்பது உண்மையே. எனினும் இவ்விரு மக்களும் ஆதியிலிருந்தே முற்றும் வேறானவர் என்று சாதிப்போர்க்கு, மறுக்கவொண்ணாத சான்றாக அப்பெயர் இன்றும் நிற்கிறது.

கல்விக்கு விளைந்த நன்மையும் சிறிதன்று. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய 1892ஆம் ஆண்டிலேதான், கண்ணகி கோயிலால் புகழ்பெற்ற காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தார். அவர் அன்னையார் பெயர் கண்ணம்மையார். அரங்கேற்று காதையின் இசைநுட்பங்களை ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. உடுக்கோடு கதை கேட்டு வளர்ந்த ஊரிலிருந்து அக்காப்பியத்தின் இசையிலக்கணத்தை மீட்டெடுத்த அறிஞர் தோன்றினார் என்பதில், காரணகாரியத் தொடர்பை நிறுவ இயலாதாயினும், ஒரு பெயர் பல தலைமுறையாக நாவில் இருந்தமையால் விளையும் பரிச்சயத்தின் வலிமையையேனும் காணலாம்.

குறைகளும் உள. பெயரின் ஆட்சி மிகும்போது பொருளைப் பார்க்கும் கண் மங்குகிறது. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 143 செ.மீ. உயரமுள்ள, பொன்முலாம் பூசிய வெண்கலப் பெண்ணுருவம் ஒன்று இருக்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழைக் கரையில் கண்டெடுக்கப்பட்டு, முன்னாள் ஆளுநர் ரொபேர்ட் பிறவுண்ரிக்கால் 1830இல் அங்கு வழங்கப்பட்டது அது. நெடுங்காலம் அதனைப் பத்தினி தேவி என்றே குறித்து வந்தனர். வலக்கை வரத முத்திரையில் தாழ, இடக்கை மலரேந்தியதுபோல் மடங்க, உயர்ந்த மகுடத்தோடு நிற்கும் அவ்வுருவம், மகாயான பௌத்தத்தின் தாரை என்று பின்னரே தெளியப்பட்டது. நமது கரையில் கிடைத்த பெண் தெய்வம் என்றால் பத்தினியாகத்தான் இருக்கவேண்டும் என்ற எளிய ஊகம், இக்கரையில் ஒருகாலத்து மகாயானம் செழித்திருந்ததற்கான சான்றையே ஒரு பெயருக்குள் புதைத்து வைத்திருந்தது. பழகிய பெயர் இவ்வாறு பழகாத உண்மைகளை விழுங்கிவிடும்.

இதனினும் பெரிய குறை, சடங்கும் கதையும் உடன் செல்லாமல் பெயர் மட்டும் தனித்துப் பயணம் செய்யும் இடங்களிலே புலனாகிறது. 1942இல் ‘கண்ணகி’ திரைப்படத்தில் கண்ணாம்பாவும், 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் விஜயகுமாரியும் நீதி கேட்டு முழங்கிய காட்சிகள் தமிழ்நாட்டார் நெஞ்சில் ஒரு தோற்றத்தை நிலைநாட்டின. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் நிறுவப்பட்ட சிலை, ஒற்றைச் சிலம்பை ஓங்கிய கோலத்தில் அத்தோற்றத்தையே நிலைபெறச் செய்தது. அது 2001இல் அகற்றப்பட்டதும் 2006இல் மீண்டும் நிறுவப்பட்டதும், கண்ணகியின் வழக்கைப் பற்றிய விவாதங்களாக அன்றி, கட்சிகளின் வழக்காகவே நடந்தேறின. கற்பு என்னும் ஒரு குணத்தைப் பெண்குலத்துக்கு உபதேசிக்கும் கருவியாகவும் அப்பெயர் மேடைகளில் பயன்பட்டது. அரசனையே குற்றவாளியாக நிறுத்திய வாதியை, கணவனுக்கு அடங்கிய பத்தினியாக மட்டும் காட்டுதல் அவள் செயலில் பாதியை மறைப்பதாகும். சென்னையில் சேரிகளினின்றும் பெயர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரின் விளிம்பில் குடியேற்றிய இடத்துக்குக் கண்ணகி நகர் என்று பெயரிட்டதோ விசித்திரமானது. அநீதி இழைத்த நகரைத் தீயிட்டவளின் பெயரை, நகரம் தன்னிடமிருந்து வெளியேற்றியவர்களுக்கே அணிவித்த அதிகாரிகள் அதன் முரணை எண்ணிப் பார்த்திருப்பார்களென்று தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், வணிகர் குலத்துச் சமணப் பெண்ணை வழிபடுதல் சைவர்க்கு ஆகாது என்று கண்டித்தார். அவர்வழி வந்த சீர்திருத்தத்தில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று நாமமாற்றம் பெற்றன. கற்சிலையும் கோயிலும் அங்கேயே இருந்தன. கதை மட்டும் வெளியேறிற்று. பெயரைப் பரப்பியவர்கள் கதையை மறந்தமையும், கதையை விலக்கியவர்கள் பெயரை மாற்றியமையும் வேறு வழிகளில் ஒரே நஷ்டத்தை விளைத்தன. மட்டக்களப்பும் இவ்வபாயத்துக்குப் புறம்பானதன்று. சில ஆலயங்களில் ஆகம முறையான நித்திய பூசையும் கும்பாபிஷேகமும் பெருமையாகக் கருதப்பட்டு, வழக்குரை பாடுவோர் குறைந்து, அவர்கள் இடத்தை ஒலிபெருக்கி பிடித்துக்கொள்வதைக் காண்கிறோம்.

ஒரு பெயர் நிலைப்பதற்கு அரசாணை போதாது என்பதற்கும் இவ்வாவியே சாட்சி. கல்லடியில் வாவியின் குறுக்கே சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் எழுந்த இரும்புப் பாலத்துக்கு, ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவியார் பெயரால் லேடி மானிங் பாலம் என்று நாமகரணம் செய்தனர். ஆவணங்களில் அப்பெயர் உண்டு. ஆனால் பௌர்ணமி இரவில் மீன் பாடுவதைக் கேட்கச் செல்வோர் செல்வது கல்லடிப் பாலத்துக்கே. அந்த அம்மையாரைப் பற்றி இவ்வூரார் கேட்ட கதை ஒன்றுமில்லை. ஆகவே பெயர் கல்வெட்டோடு நின்றது.

நன்மை தீமைகளைச் சீர்தூக்கின், ஒரு பெண்ணின் பெயரைப் பலவற்றுக்கு வழங்குதல் தன்னளவில் குணமும் அன்று, குற்றமும் அன்று. அப்பெயரோடு அவள் வழக்கும் கூடச் செல்கிறதா என்பதே உரைகல். மாங்கனியில் பிறந்தாலென்ன, மாநாய்கன் இல்லத்தில் பிறந்தாலென்ன, பத்தினி என்றாலென்ன, கண்ணகை என்றாலென்ன, அவளது நியாயம் கேட்கப்படும் இடமெல்லாம் கண்ணகியின் இடமே. அத்தகைய பன்மையால் பெயர் தேய்வதில்லை, செழிக்கிறது. கேட்கப்படாத இடத்திலோ சிலையாயினும் நகராயினும் ஆலயமேயாயினும் அது விலாசம் மட்டுமே. ஆதலின் இனியொரு பாடசாலைக்கோ தெருவுக்கோ கண்ணகியின் பெயரைச் சூட்ட முற்படுவோர், வழக்குரை பாடத் தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்து அங்குள்ள பிள்ளைகளுக்கு அதனைப் பாடிக் காட்டச் செய்வாராயின், அப்பெயரை வழங்கும் உரிமை அவர்க்குத் தானாகவே வந்தெய்தும். அதற்கு மனமில்லாதார் வேறு பெயர் தேடிக்கொள்வதே முறை.