கிளெண்டா ஜாக்சன்: எண்பது வயதில் இரண்டாவது இன்னிங்ஸ்

இருபது வருடம் ஆட்டத்தை விட்டு ஒதுங்கியிருந்தவர் திரும்பி வந்தால் கைதட்டல் கிடைக்கும்; வெற்றி கிடைப்பது அரிது. உடம்பு ஒத்துழைக்காது, ஆட்டத்தின் போக்கு மாறியிருக்கும், கூட ஆடியவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள். பிரிட்டிஷ் நடிகை கிளெண்டா ஜாக்சன் விஷயத்தில் இந்தக் கணக்கு பொய்த்துப்போனது.

1992-ல் நடிப்பை விட்டவர், அதன்பின் 23 ஆண்டுகள் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில் மேடைப் பக்கமோ கேமரா பக்கமோ தலைவைத்துப் படுக்கவில்லை. 2016-ல், 80 வயதில், லண்டன் ஓல்டு விக் அரங்கில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக மேடையேறினார். 2018-ல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது. 2020-ல் தொலைக்காட்சி நடிப்புக்கு பாஃப்டா விருது. 2023 ஜூன் 15-ல், 87 வயதில் அவர் காலமானபோது கடைசிப் படம் வெளியீட்டுக்குத் தயாராக இருந்தது.

இதை அதிசயம் என்று சொல்லிவிட்டால் அலசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடும். அவருடைய நடிப்பை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பார்ப்பவர்களுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று அவர் ஒரு காட்சியில்கூட நடித்ததில்லை. அழகை நம்பியவருக்கு வயது எதிரி. ரசிகரின் பிரியத்தை நம்பியவருக்கு இடைவெளி எதிரி. ஜாக்சன் இரண்டையும் நம்பவில்லை. அதனால்தான் காலம் அவரிடமிருந்து பறித்துக்கொள்வதற்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

களத்துக்கு வந்த வழி

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றின் மறுபக்கம் இருக்கும் பர்க்கன்ஹெட்டில் 1936 மே 9-ல் பிறந்தார். அப்பா கொத்தனார். அம்மா கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்த்தவர். நான்கு மகள்களில் இவர் மூத்தவர். பள்ளிக்கூடம் முடிந்ததும் பூட்ஸ் மருந்துக் கடையில் இரண்டு வருடம் வேலை. உள்ளூர் அமெச்சூர் குழுவில் நாடகம் போட்டவருக்கு லண்டனின் ராயல் நாடகக் கலை அகாடமியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

அங்கே அவருக்குக் கிடைத்த மதிப்பீடு உற்சாகம் தருவதாக இல்லை. நீ குணச்சித்திர நடிகை, நாற்பது வயதுக்கு முன்னால் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே என்று அகாடமியின் முதல்வரே சொல்லி அனுப்பினார். கதாநாயகிக்கு அன்று வைத்திருந்த அளவுகோலில் இவர் முகம் அடங்கவில்லை. எடுப்பான கன்ன எலும்புகள், அகன்ற வாய், எதிரில் இருப்பவரை அளந்து பார்க்கும் கண்கள். அடுத்த சில வருடங்கள் வெளியூர் ரெபர்ட்டரி கம்பெனிகளில் கழிந்தன. சுருக்கமான ஒத்திகை, அடுத்தடுத்து புது நாடகம், கிடைத்த வேடம். வேலை இல்லாத மாதங்களில் வேறு கூலி வேலை.

திருப்பம் 1964-ல் வந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் இயக்குநர் பீட்டர் புரூக் இவரைத் தேர்ந்தெடுத்தார். ‘மாரா/சாட்’ நாடகத்தில் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மாராவைக் கொல்லும் ஷார்லோட் கோர்டே வேடம். அதிலும் நேரடியாக கோர்டே அல்ல. மனநலக் காப்பகத்தில் தூக்க நோயோடு இருக்கும் ஒரு பெண், கோர்டேயாக நடிக்கிறாள். கொலை செய்ய வேண்டிய நேரத்தில் அவளைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. அதே காப்பகத்தில் இருக்கும் எழுத்தாளர் சாட் பிரபுவைச் சவுக்கால் அடிக்கும் கட்டத்தில் சவுக்கே கிடையாது. ஜாக்சன் தன் நீண்ட கூந்தலை அவர் முதுகில் வீசி வீசி அடித்தார். 1967-ல் வந்த படப்பதிப்பில் இன்றும் அதைப் பார்க்கலாம். அந்த முகத்தில் கோபமும் இல்லை, குரூரமும் இல்லை. இரக்கப்படுங்கள் என்ற கெஞ்சல் சுத்தமாக இல்லை. அவருடைய பாணியின் முதல் தடயம் அதுதான்.

ஐந்து ஆண்டு உச்சம்

1969 முதல் 1973 வரை அவர் இருந்த ஃபார்ம், பிரிட்டிஷ் நடிப்பில் வெகு சிலருக்கே வாய்த்தது.

முதலில் கென் ரஸ்ஸலின் ‘விமன் இன் லவ்’. டி.எச். லாரன்ஸ் நாவலின் குட்ரன் வேடம். திறந்தவெளியில் நீண்ட கொம்புள்ள மாட்டு மந்தைக்கு முன்னால் குட்ரன் நடனமாடும் காட்சியைப் பாருங்கள். மாடுகளைப் பார்த்து அவள் பின்வாங்குவதில்லை. கைகளை விரித்து அவற்றை நோக்கியே போகிறாள். பயமில்லாத பெண் என்று வசனத்தில் சொல்ல வேண்டியதை நடையிலேயே முடித்துவிட்டார். படப்பிடிப்பின்போது அவர் கர்ப்பிணி. இந்த வேடம் அவருக்கு முதல் ஆஸ்கரை வாங்கித் தந்தது. விழாவுக்கு அவர் போகவில்லை.

1971 அவருடைய ஆண்டு. முதலாம் எலிசபெத் ராணியைப் பற்றி பிபிசி தயாரித்த ‘எலிசபெத் ஆர்’ ஆறு பகுதிகள் கொண்ட தொடர். ஒவ்வொன்றும் ஒரு முழு நாடகத்தின் நீளம். உயிருக்குப் பயந்து வாழும் இளவரசியாகத் தொடங்கி எழுபதை நெருங்கும் ராணியாக முடிகிறது கதை. எல்லா வயதும் ஒரே நடிகை. தலையின் முன்பகுதியை உண்மையிலேயே மழித்துக்கொண்டார். ஆனால் வயதை அவர் காட்டியது ஒப்பனையால் மட்டும் அல்ல. இளம் எலிசபெத் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அரை நொடி யோசிக்கிறாள், ஏனென்றால் தவறான பதிலுக்குத் தலை போய்விடும். நடுவயது ராணி யோசிப்பதே இல்லை. கிழட்டு ராணி மறுபடி தாமதிக்கிறாள். இந்த முறை காரணம் பயமல்ல, களைப்பு. அந்தத் தாமதத்தை வைத்தே ஒரு வாழ்க்கையை வயதாக்கிவிட்டார். இந்தத் தொடருக்கு இரண்டு எம்மி விருதுகள். அதே ஆண்டு ‘மேரி, குயின் ஆஃப் ஸ்காட்ஸ்’ படத்திலும் இவர்தான் எலிசபெத். எதிரில் மேரியாக வனெஸ்ஸா ரெட்கிரேவ்.

அதே 1971-ல் ஜான் ஷ்லெசிங்கரின் ‘சன்டே பிளடி சன்டே’. ஒரு இளைஞனை ஒரு பெண்ணும் ஒரு ஆண் மருத்துவரும் ஒரே நேரத்தில் காதலிக்கிறார்கள். இருவருக்கும் மற்றவரைப் பற்றித் தெரியும். மருத்துவராக பீட்டர் ஃபின்ச், விவாகரத்தான அலெக்ஸாக ஜாக்சன். பாதிக் காதல் போதும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்த ஒருத்தி, போதாது என்று முடிவெடுக்கும் கதை இது. வேறு யாராவது நடித்திருந்தால் இங்கே கண்ணீர் அருவியாகக் கொட்டியிருக்கும். ஜாக்சன் அலெக்ஸை எரிச்சலும் நக்கலும் சோர்வும் உள்ள, வேலைக்குப் போகும் லண்டன் பெண்ணாகவே கடைசிவரை வைத்திருந்தார். என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த திரை நடிப்பு இதுதான். ஆஸ்கர் வாங்கிய இரண்டு படங்களும் இதற்கு அடுத்த இடத்தில்தான்.

இரண்டாவது ஆஸ்கர் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மோர்கம்–வைஸ் என்ற நகைச்சுவை ஜோடியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கிளியோபாட்ராவாக வந்து, முகத்தில் சிரிப்பே காட்டாமல் அசத்தினார். அதைப் பார்த்த இயக்குநர் மெல்வின் ஃபிராங்க் ‘எ டச் ஆஃப் கிளாஸ்’ (1973) என்ற காதல் நகைச்சுவைப் படத்துக்கு அழைத்தார். ராணி வேடத்தில் கைகொடுத்த அதே நேரக்கணிப்புதான் நகைச்சுவையிலும் கைகொடுத்தது. இந்த முறையும் விருதை வாங்க அவர் போகவில்லை.

பலமும் பலவீனமும்

அவருடைய பலம் மூன்று. முதலாவது குரல். தாழ்ந்த, கொஞ்சம் கரகரப்பான குரல். மெய்யெழுத்துகளை வெட்டி வெட்டி உச்சரிப்பார். வாக்கியத்தின் கடைசிச் சொல் ஒருநாளும் தேய்ந்து மறையாது. இரண்டாவது அசையாமை. மற்றவர்கள் கையை ஆட்டும் இடத்தில் இவர் நின்றுவிடுவார். பார்ப்பவரின் கண் தானாக அவர் முகத்துக்குப் போகும். மூன்றாவது, எதிராளி பேசும்போது கேட்பது. தன் முறைக்குக் காத்திருப்பவரின் முகம் வேறு, கேட்பவரின் முகம் வேறு. ஜாக்சன் கேட்பார்.

பலவீனமும் இந்தக் கூர்மையிலிருந்தே வந்தது. கதை பலவீனமாக இருந்தால் அந்தக் கூர்மை வெறும் விறைப்பாக மாறிவிடும். நடிகை சாரா பெர்னாரின் வாழ்க்கையைச் சொன்ன ‘தி இன்கிரெடிபிள் சாரா’ (1976) அதற்கு உதாரணம். ஆளுமை இருக்கிறது, ஆள் இல்லை. ஆனால் இரண்டே வருடத்தில் கவிஞர் ஸ்டீவி ஸ்மித்தாக ‘ஸ்டீவி’ (1978) படத்தில், புறநகர் வீட்டு அறைக்குள் ஏறக்குறைய பேச்சை மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையைக் கட்டியெழுப்பினார். நல்ல எழுத்து கிடைத்தால் அந்த விறைப்பு எங்கே போனதென்றே தெரியாது. சிக்கல் என்னவென்றால், எண்பதுகளில் அப்படிப்பட்ட எழுத்து வருவது குறைந்துபோனது. இக்கால நாடக ஆசிரியர்கள் பெண்ணை நாடகத்தின் மையமாகப் பார்ப்பதில்லை என்று அவர் பல பேட்டிகளில் வெளிப்படையாகவே குறைப்பட்டார்.

வேறு களம்

1992-ல் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்–ஹைகேட் தொகுதியில் வென்றார். 1997-ல் டோனி பிளேர் அரசில் போக்குவரத்துத் துறை துணை அமைச்சர், இரண்டு ஆண்டுகள். பின்னாளில் இராக் போரை எதிர்த்து சொந்தக் கட்சித் தலைமையோடு மோதினார். 2010 தேர்தலில் வெறும் 42 வாக்கு வித்தியாசத்தில் கரையேறினார். 2015-ல் மீண்டும் போட்டியிடாமல் ஒதுங்கினார்.

அவருடைய நாடாளுமன்றப் பேச்சுகளில் ஒன்றை நடிப்பைப் படிக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரல் 10, மறைந்த முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு அவை அஞ்சலி செலுத்திய நாள். புகழுரைகளுக்கு நடுவே எழுந்து, தாட்சரின் கொள்கைகள் தன் தொகுதி மக்களையும் தேசத்தையும் என்ன செய்தன என்று பட்டியலிட்டார். எதிர்வரிசையில் கூச்சல். அவர் குரலை உயர்த்தினாரே தவிர வேகத்தைக் கூட்டவில்லை. ஒரு சொல்லும் விழுங்கப்படவில்லை. அவர் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் அரசியல். ஆனால் 77 வயதை நெருங்கிய ஒருவர் ஒலிபெருக்கியை நம்பாமல் ஒரு கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிப் பேசுவது மேடைப் பயிற்சியின் பலன். அந்தக் குரல் 23 வருடமும் வேலை செய்துகொண்டேதான் இருந்தது.

இரண்டாவது இன்னிங்ஸ்

டெபோரா வார்னர் இயக்கிய ‘கிங் லியர்’ மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் நாடகம். உடம்பும் குரலும் கடைசி அங்கம்வரை தாங்க வேண்டும். பெண் எப்படி லியராக முடியும் என்ற கேள்விக்கு அவர் அனுபவத்திலிருந்தே பதில் சொன்னார். தொகுதியில் முதியோர் இல்லங்களுக்குப் போய்வந்தபோது, வயது ஏற ஏற ஆண், பெண் என்ற கோடு மங்கிப்போவதைப் பார்த்ததாகச் சொன்னார். வீணாய்ப் போனதாகப் பலர் நினைத்த அரசியல் வருடங்கள் அவருக்கு லியரின் முதுமையைக் கொடுத்திருந்தன. ஈவினிங் ஸ்டாண்டர்டு சிறந்த நடிகை விருது இதற்குக் கிடைத்தது. 2018-ல் நியூயார்க்கில் எட்வர்டு ஆல்பியின் ‘த்ரீ டால் விமன்’, டோனி விருது. ஆஸ்கர், எம்மி, டோனி மூன்றையும் நடிப்புக்காக வென்ற சிலரில் அவரும் சேர்ந்தார். 2019-ல் மறுபடி லியர், இந்த முறை பிராட்வேயில், வேறொரு இயக்குநரோடு.

மேடையைப் போலன்றி எல்லோரும் பார்க்கக்கூடியது, பாஃப்டா விருது வாங்கித் தந்த பிபிசி தொலைக்காட்சிப் படம் ‘எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்’ (2019). ஞாபகம் தேய்ந்துகொண்டிருக்கும் மாட் என்ற மூதாட்டி, தன் தோழி எலிசபெத்தைக் காணோம் என்று தேடுகிறாள். யாரும் நம்புவதில்லை. மறந்துவிடாமலிருக்கத் துண்டுச் சீட்டுகளில் எழுதிப் பையில் திணித்துக்கொள்கிறாள். சீட்டை எடுத்துப் படிக்கும்போது ஜாக்சனின் முகத்தில் மூன்று கட்டங்கள் வருகின்றன: இது என் கையெழுத்து, இதை நான் எழுதிய நினைவில்லை, இதை உங்களிடம் காட்டிக்கொள்ளப் போவதில்லை. மாட் சிடுசிடுப்பானவள், பிடிவாதக்காரி, சில நேரம் மகளிடம் கொடூரமாகவும் நடந்துகொள்கிறாள். மறதி நோயைத் திரையில் காட்டும்போது வழக்கமாகப் பூசப்படும் இனிப்பு இதில் துளியும் இல்லை. அதனாலேயே அந்த நோயின் பயங்கரம் நம்மை உலுக்குகிறது.

கடைசிப் படம் ‘தி கிரேட் எஸ்கேப்பர்’. 1975-ல் ‘தி ரொமாண்டிக் இங்கிலிஷ்வுமன்’ படத்தில் தம்பதியாக நடித்த மைக்கேல் கெய்னும் அவரும் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு மீண்டும் கணவன், மனைவி. அவர் மறைந்த சில மாதங்களில், 2023 அக்டோபரில், படம் வெளியானது.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் பாடம்

80 வயதுக்கு மேல் அவர் செய்த வேலையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டாலே, ஒரு நடிகைக்கு முழு வாழ்நாள் சாதனையாக அதுவே போதும். ஆனால் அந்த வேலை தானாக நடந்துவிடவில்லை. ஒரு தயாரிப்பாளர் துணிந்தார், ஒரு இயக்குநர் நம்பினார், ‘எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்’கின் மூலக்கதையை எழுதிய நாவலாசிரியர் ஒரு மூதாட்டியைக் கதையின் நடுவில் வைத்து எழுதினார். ஜாக்சனின் திறமை ஐம்பதிலும் அறுபதிலும் இருக்கத்தான் செய்தது. இல்லாமலிருந்தது அதற்கேற்ற பாத்திரங்கள்.

ஆண் நடிகருக்கு லியர் காத்திருக்கிறான். வயது ஏற ஏற வேடம் பெரிதாகிறது. பெண்ணுக்கு நாற்பதைத் தாண்டியதும் மையக் கதாபாத்திரத்தின் அம்மா, பிறகு பாட்டி, பிறகு சுவரில் மாட்டிய படம். இந்த ஏற்பாடு ரசிகர்கள் கேட்டதல்ல. ‘எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்’கும் அந்த லியரும் பெற்ற வரவேற்பே சாட்சி. எழுதுகிறவர்களும் பணம் போடுகிறவர்களும் கிளெண்டா ஜாக்சனைப் போற்ற வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது: வயதான பெண்களைப் பிடிவாதமும் கோபமும் புத்தியும் உள்ள முழு மனுஷிகளாக எழுதுங்கள். நடித்துக் காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அதை அவர் நிரூபித்துவிட்டுத்தான் போனார்.