முகாம் முடிந்த பிறகு

2022 ஏப்ரல் 1 அன்று, முந்தின இரவு மிரிஹானை ஆர்ப்பாட்டத்தில் கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் நுகேகொடை நீதிமன்றத்தில் கட்டணமின்றித் திரண்டார்கள். இலங்கைச் சட்டத்துறை பெருமைப்பட வேண்டிய நாள் அது. அதே பொருளாதார நெருக்கடியில் பதுளை மாவட்டத்துப் பசறையிலும் நமுனுகுலையிலும் ஹாலிஎலையிலும் தோட்டத் தொழிலாளர் பட்ட இழப்புகளோ பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏறவேயில்லை.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோதும் அதே 1000தான். சொன்ன கிலோ கொழுந்து நிறுவையில் வராவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். அந்த நிலையில் ஒரு குடும்பத்துக்குச் சேமலாபப் பணமும் பணிக்கொடையும் எதிர்காலச் சேமிப்பல்ல, அந்த மாதத்து அரிசி. இங்கேதான் சட்ட மாணவர்கள் முகாம் போட்டுச் செய்யும் இலவச உதவி எவ்வளவு தூரம் பயன்படும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அதன் பலம் பொறுமை. ஓய்வுபெற்ற ஒரு தாய் பொலித்தீன் பையோடு வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புப் பதிவில் லச்சுமி, அடையாள அட்டையில் லெட்சுமி, சேமலாப நிதிப் பதிவில் லட்சுமி. மூவரும் ஒருவரே என்று நிறுவச் சத்தியக்கடதாசி வேண்டும். அதற்குமுன் அவர் கதையை முழுதாகக் கேட்க ஒருவர் வேண்டும். வழக்குகள் குவிந்த சட்டத்தரணிக்கு இல்லாத அரைமணி நேரம் மாணவரிடம் இருக்கிறது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்கூலிக்காரருக்கு ஓர் ஆண்டுச் சேவைக்கு 14 நாள் சம்பளம் சேரும். 20 ஆண்டு உழைத்தவருக்கு 280 நாள் சம்பளம். வேலையிலிருந்து நின்ற 30 நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் கையில் கொடுத்தாலே, கெஞ்சிக் கேட்கிற நிலையிலிருந்த அந்தத் தாய் உரிமை கோருகிறவராகிறார்.

பலவீனமும் அந்த முகாமுக்குள்ளேயே இருக்கிறது. மாணவர் நீதிமன்றத்தில் முன்னிலையாக முடியாது. காலையில் பஸ்ஸில் வந்து, படிவம் நிரப்பி, படம் எடுத்து, மாலையில் திரும்பிவிட்டால் பின்தொடர ஆளில்லை. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் நியாயசபைக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம். “தம்பிமார் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்” என்று நம்பிக் காத்திருப்பவருக்கு அந்த ஆறு மாதம் கரைந்துபோனால், அப்படிப்பட்ட உதவி வராமலே இருந்திருக்கலாம்.

இன்னொரு குறை, யார் வருகிறார்கள் என்பது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சட்ட பீடம் இல்லை. ஆகவே மாணவர்கள் வெளியூரிலிருந்தே வரவேண்டும். நெருக்கடியில் அவர்களுக்கும் பஸ் கட்டணம் பாரமாகவே இருந்தது. தோட்டத்துத் தமிழைக் கேட்டுப் புரிந்து, சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லத் தெரிந்தவர் அவர்களில் சிலரே. சட்டக் கல்லூரியை ஆங்கில மொழிமூலத்துக்கு மட்டும் மாற்றும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. அது நிறைவேறியிருந்தால், தமிழில் படித்து வரும் தோட்டத்துப் பிள்ளைக்குச் சட்டத்துறையின் வாசல் இன்னும் குறுகியிருக்கும்.

தொண்டு, கடமையை மறைத்துவிடவும் கூடாது. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவும் தொழில் திணைக்களமும் செய்யவேண்டிய வேலையை மாணவர் தோளில் ஏற்றுவது நியாயமல்ல. இந்தியாவின் 1987 ஆம் ஆண்டுச் சட்ட சேவைகள் சட்டம், பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் இயங்கும் சட்ட உதவி மையங்களை வழிநடத்தி மேற்பார்க்கும் பொறுப்பைச் சட்ட சேவைகளுக்கான தேசிய ஆணையத்திடமே கொடுத்தது. நாமும் அப்படிச் செய்யலாம். மாணவர் தொடங்கும் ஒவ்வொரு கோப்பையும் பதுளையில் ஒரு சட்டத்தரணி பெயர் போட்டுப் பொறுப்பேற்கட்டும். அடுத்த திகதி கோப்பின் மேலேயே எழுதப்படட்டும். இந்த ஆண்டு மாணவர் போகும்போது அடுத்த ஆண்டு மாணவர் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளட்டும். சேமலாபப் பணம் எங்கே நிற்கிறது என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க வழக்கே தேவையில்லை. தமிழில் எழுதிய ஒரு விண்ணப்பம் போதும். அதை எழுதவும் பதிலைத் தொடரவும் மாணவரால் முழுதாக முடியும்.

முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது அறிக்கைக்கு உதவும். எத்தனை கோப்புகள் பணமாக, திருத்திய பெயராக வீட்டுக்குத் திரும்பின என்பதே அந்தத் தாய்க்குக் கணக்கு. மாணவர் உதவியையும் அந்தக் கணக்கை வைத்தே எடைபோட வேண்டும்.