செய்தியோடை

செய்தியோடை என்பது இணையத்தளம் தன் புதுச் செய்திகளை வரிசையாக எழுதிவைக்கும் சிறு எக்ஸ்எம்எல் கோப்பு. இதற்கென நெட்ஸ்கேப் நிறுவனம் 1999இல் தொடங்கிய ஆர்எஸ்எஸ் என்ற முறை, 2002இல் 2.0 வடிவம் பெற்றது. தலைப்பு, இணைப்பு, சுருக்கம், நேரம், அடையாளக் குறி: ஒரு செய்திக்கு இவ்வளவே. இலங்கை மலையகத்தின் பூனாகலைத் தோட்ட லயத்தில் சிக்னல் ஒரு கோடாய்த் தேய்ந்தால்கூட இந்தச் சில கிலோபைட் இறங்கிவிடும்.

நுட்பம் அந்த அடையாளக் குறியில் இருக்கிறது. செய்தியைத் திருத்தினாலும் குறி மாறக்கூடாது. மாறினால், ஓடையைப் படித்துக் காட்டும் செயலியான வாசிப்பான் பழையதைப் புதிதென்று மறுபடி நீட்டும். பூனாகலைக்குப் பக்கத்து மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே பழைய மண்சரிவு எச்சரிக்கை புதிதாய் வருவது விளையாட்டல்ல. நேரத்தோடு இலங்கை நேர வலயத்தைக் காட்டும் +0530 என்பதும் வேண்டும். அந்த இடத்தில் பூச்சியங்கள் நின்றால், காலை 7 மணிச் செய்தி பகல் 12.30 என்று காட்டும்.

முகப்புப் பக்க நிரலின் தலைப்பகுதியில் ஓடையின் முகவரியை ஒரு வரியாய் இட்டால், வாசிப்பான் அதைத் தானே கண்டுகொள்ளும்.