கை பழகிய இடம்

நாமக்கல்லில் லாரிக்கு கேபின் கட்டும் பட்டறைகளை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வந்து நிற்கும் வண்டியில் எஞ்சின், ஸ்டியரிங், பெடல் எல்லாம் இருக்கும். டிரைவர் குடியிருக்க இடம் இருக்காது. அந்த இடத்தைக் கட்டித் தருவதுதான் இவர்கள் வேலை. சீட் எவ்வளவு சாய வேண்டும், பில் புத்தகம் வைக்கும் தட்டு எந்தப் பக்கம், தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டுமா, படுக்கைப் பலகை எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருப்பார்கள். புதுசாக என்ன வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் இருபது வருஷம் வண்டி ஓட்டியவரின் கை இருட்டில் தானாகப் போகும் இடத்தில் உள்ள பொருளை மட்டும் தொடக் கூடாது. அங்கே அது எழுதாத சட்டம்.

கம்ப்யூட்டர் திரையைத் திருத்தி அமைப்பவர்களில் பலர் இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. மெனுவைத் தூக்கி ஒளித்து வைத்துவிட்டு ‘எளிமையாக்கிவிட்டோம்’ என்பார்கள். அப்படிச் செய்யாத ஒரு வேலை, அதுவும் கல்லூரி மாணவர் ஒருவரின் கோடைக்காலத்தில் அடித்தளம் போடப்பட்ட வேலை, லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் புதிய முகம். பல வருஷமாக அதில் தட்டச்சு செய்கிறவன் என்ற தகுதியில் அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

இந்த மென்பொருள் குடும்பம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமானதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் பிளஸ் டூ கணினி அறிவியல் என்றால் ஒரு காலத்தில் பாதிப் புத்தகம் ஸ்டார் ஆபீஸ்தான். 2018-இல் பாடத்திட்டம் மாறியபோது பதினோராம் வகுப்புக்கு ஓபன் ஆபீஸும் உபுண்டுவும் வந்தன. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து உறைவிடப் பள்ளிகளில் மார்க் எப்படி விளைவிக்கப்பட்டது என்று ஊருக்கே தெரியும். பத்தியின் ஓரத்தை மாற்ற எந்த மெனுவில் எந்த வரி என்பதையும் பிள்ளைகள் ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தார்கள். சிரிக்கலாம். ஆனால் அந்த மனப்பாடம் பிறகு விரலுக்கு இறங்கியது. ஒரு தலைமுறையின் கை, இந்த மென்பொருளின் மெனுவில் பழகிப்போனது அப்படித்தான்.

இதன் பூர்வீகமும் ஒரு மாணவன்தான். மார்கோ போரிஸ் என்ற ஜெர்மானியச் சிறுவன், பதினாறு வயதில், 1985-இல் லூனபர்க் ஊரில் ஆரம்பித்த கம்பெனியிலிருந்துதான் ஸ்டார் ரைட்டரும் பின்னர் ஸ்டார் ஆபீஸும் வந்தன. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, அடுத்த வருஷமே மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அது ஓபன் ஆபீஸ் ஆனது. 2010 செப்டம்பர் 28-இல் அதிலிருந்து தன்னார்வலர்கள் பிரிந்துபோய் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். பழைய ஸ்டார் ஆபீஸின் ஐந்தாம் பதிப்பைப் பார்த்தவர்களுக்கு அதன் அடக்கமின்மை நினைவிருக்கும். ஒரு கடிதம் எழுதத் திறந்தால் திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு, விண்டோஸிடம் ஏற்கெனவே இருக்கிற ஸ்டார்ட் பட்டனுக்குப் போட்டியாகத் தானும் ஒரு ஸ்டார்ட் பட்டன் வைத்திருந்தது. விருந்தாளி வந்து வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்த கதை.

புதிய முகத்தின் அருமை புரிய, நடுவில் வந்த ரிப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2007-இல் மெனுக்களை அடியோடு எடுத்துவிட்டு, தாவல்களில் அடுக்கிய பட்டன்களை வைத்தது. அதை வழிநடத்திய ஜென்சன் ஹாரிஸ் சொன்ன காரணம் நியாயமானது. விண்டோஸுக்கான வேர்டின் முதல் பதிப்பில் டூல்பார் இரண்டே இரண்டு. 2003 பதிப்புக்கு வரும்போது 31 டூல்பார், அதற்கு மேல் 19 பக்கப் பலகைகள். ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு திண்ணை, ஒரு சாய்ப்பு என்று ஒட்டிக்கொண்டே போனதில் வீடு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. இடித்துக் கட்டத்தான் வேண்டும். ரிப்பன் நல்ல வேலை. குழுக்கள் தெளிவு, அடிக்கடி வேண்டியது பெரிய பட்டன், அபூர்வமாக வேண்டியது சின்ன பட்டன். ஆனால் குடியிருந்தவரிடம் கேட்காமல் இடித்தார்கள். பத்திர எழுத்தர், ஆடிட்டர் ஆபீஸ் டைப்பிஸ்ட், டி.டி.பி. கடைக்காரர் என்று கையாலேயே கணக்குப் போடுகிறவர்கள் பழைய 2003-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது பிடிவாதத்தால் இல்லை. அவர்கள் விரல்களில் இருந்த வருஷக்கணக்கான உழைப்பை ஒரே நாளில் செல்லாக்காசாக்கினால் வேறு என்ன செய்வார்கள்?

லிப்ரே ஆபீஸுக்கும் அதே நெருக்கடி வந்தது. புதிதாக வருகிறவர்கள் ரிப்பனில் பழகியவர்கள். மெனுவைப் பார்த்தால் ‘பழசு’ என்று முகம் சுளிக்கிறார்கள். பழையவர்களோ மெனுவைத் தொட்டால் சண்டைக்கு வருகிறார்கள். யாரை விடுவது? இந்த இடத்தில்தான் 2016-ஆம் வருஷக் கூகுள் கோடைத் திட்டம் வருகிறது. 2005 முதல் நடக்கும் இத்திட்டத்தில், திறந்த மூலத் திட்டங்களில் நிரல் எழுத அப்போது மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் உதவித்தொகை கொடுத்து, அனுபவசாலி ஒருவரைத் துணைக்கும் அமர்த்தினார்கள். ஷிமோன் குவோஸ் என்ற போலந்து மாணவர் அந்தக் கோடையில் எடுத்துக்கொண்டது ‘நோட்புக்பார்’ என்ற புதிய பட்டைக்கான உள்கட்டமைப்பு. அந்த டிசம்பரில் புதிய முகத்துக்கு ‘மஃபின்’ என்று பெயர் சூட்டி அறிவித்தார்கள். 2017 பிப்ரவரியில் 5.3 பதிப்பில் சோதனைக்காக வைத்து, 2019 பிப்ரவரியில் 6.2 பதிப்பில்தான் அதன் முக்கிய வடிவங்களை முழு வேலைக்குத் தயார் என்று விட்டார்கள். நடுவில் இரண்டு வருஷம். அவசரம் இல்லாத அந்த இரண்டு வருஷத்துக்கே ஒரு சலாம் போடலாம்.

வெளியே தெரியாத வேலையில்தான் அழகு அதிகம் இருக்கிறது. ஒரு பட்டன் என்ன செய்யும் என்பது நிரலுக்குள் இருக்கிறது. அந்த பட்டன் எங்கே நிற்கும், எவ்வளவு பெரிதாக இருக்கும், பக்கத்தில் யார் என்பதெல்லாம் தனிக் கோப்பு ஒன்றில் எக்ஸ்எம்எல் வடிவில் இருக்கிறது. எழுத்தைத் தடிமனாக்கும் கட்டளைக்கு ஒரு பெயர் உண்டு. மெனுவில் இருப்பதும், டூல்பாரில் இருப்பதும், நோட்புக்பாரில் இருப்பதும் அதே பெயரைத்தான் கூப்பிடுகின்றன. ஆகவே முகத்தை மாற்ற எஞ்சினை அவிழ்க்க வேண்டியதில்லை. சி ப்ளஸ் ப்ளஸ் தெரியாத, ஆனால் கண்ணில் அளவு உள்ள ஒருவரால்கூட பட்டன்களை நகர்த்திப் பார்க்க முடியும். பிறகு வந்த வடிவமைப்புத் தன்னார்வலர்கள் அப்படித்தான் ஒரு முகத்துக்குப் பதில் பல முகங்களைச் செய்தார்கள். மாணவர் கொடுத்தது ஒரு படம் இல்லை; பிறர் படம் போட ஒரு சுவர்.

இன்னொரு நுட்பம் உண்டு. லிப்ரே ஆபீஸைத் திறந்து, நோட்புக்பாரை வைத்துக்கொண்டு, விண்டோவின் வலது ஓரத்தைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள். இடம் குறையக் குறைய பட்டன்கள் பாதியில் வெட்டுப்படுவதில்லை. குழுக்களுக்குள் முன்னுரிமை வரிசை ஒன்று இருக்கிறது. முக்கியம் குறைந்தது முதலில் ஒதுங்கி ஒரு சிறு அம்புக்குறிக்குப் பின்னால் போய் நிற்கிறது. திரும்ப இழுத்தால் போன வரிசைக்கு எதிர்வரிசையில் ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது. இதற்கென்றே தனிப் பெட்டி வகை ஒன்று நிரலில் எழுதப்பட்டிருக்கிறது. யாரும் பாராட்டாத வேலை இது. சரியாக இருந்தால் கண்ணில் படாது, தப்பாக இருந்தால் மட்டுமே படும். நான் சும்மா உட்கார்ந்து விண்டோவை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அட்டவணைக்குள் கர்சரை வைத்தால் அட்டவணைக்கான தாவல் வருகிறது, படத்தைத் தொட்டால் படத்துக்கானது. வெளியே வந்ததும் போய்விடுகிறது. இது ரிப்பனிடம் கற்றது, ஒளிப்பதற்கில்லை. ரிப்பனிடம் இல்லாதது ஒன்று: மேல் மூலையில் இருக்கும் சின்ன பட்டனை அழுத்தினால் பழைய மெனு பட்டை அப்படியே வந்து நிற்கும். பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தவருக்கு அந்த வரிசை அந்நியமாகத் தெரியாது. புதுசு வேண்டுகிறவருக்குப் புதுசு, கை பழகியவருக்குப் பழசு, இரண்டும் ஒரே வீட்டில். என் கணக்கில் இந்த வேலையின் முழு மதிப்பும் இந்த ஒரு பட்டனில்தான்.

குறை இல்லாமல் இல்லை. எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய் ஏழு முகம் வைத்துவிட்டார்கள். தேர்வுப் பெட்டியைத் திறந்தால் வழக்கமான டூல்பார், தாவல், ஒற்றை டூல்பார், சைட்பார், சுருக்கமான தாவல், சுருக்கமான குழு, இடத்துக்கேற்ற ஒற்றைப் பட்டை என்று வரிசை கட்டி நிற்கின்றன. மரியாதையும் அளவு மீறினால் தயக்கமாகத் தெரியும். சுருக்கமான குழு என்ற முகத்தில் பட்டன்கள் சந்தையில் கூறு கட்டி வைத்ததுபோல் நெருக்கமாக இருக்கின்றன. எது எதன் தலைப்பு என்று கண் தடுமாறுகிறது. அதை எடுத்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். தமிழ் இடைமுகத்தில் இன்னொரு சங்கடம். நம் எழுத்துகள் அகலம் கேட்கும், ‘கூ’வும் ‘ழு’வும் கீழே இடம் கேட்கும். ஆங்கிலச் சொல் அளவை மனதில் வைத்துப் போட்ட பட்டனுக்குக் கீழே தமிழ்ச் சொல் வரும்போது பக்கத்து பட்டனைத் தள்ளிவிடுகிறது. தமிழில் வைத்துப் பார்த்துக் குறை சொல்ல ஆள் போதாததுதான் காரணம்.

எந்த முகம் நல்லது என்று கேட்டால் நான் தாவலைச் சொல்ல மாட்டேன். ஒற்றை டூல்பார், பக்கத்தில் சைட்பார், அதுதான். காரணம் ரசனை பாதி, அளவு பாதி. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் மலிவு லேப்டாப்புகள் பலவற்றின் திரை 1366 புள்ளி அகலம், 768 புள்ளி உயரம். எழுதுகிற தாளோ ஏ4. அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297. படுத்திருக்கும் திரையில் நின்றிருக்கும் தாள். உயரத்துக்குத்தான் பஞ்சம், இரண்டு பக்கமும் அகலம் சும்மா கிடக்கிறது. தாவல் முகம் மெனுவை மறைத்து மிச்சம் பிடித்த உயரத்தைத் தன் பெரிய பட்டன்களுக்கே செலவழித்துவிடுகிறது. பழைய டூல்பாரோடு ஒப்பிட்டால் கணக்கு ஏறக்குறைய சமம்தான். சைட்பார் அந்த வீணான அகலத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எழுத்துரு, பத்தி, ஓரம், பக்கம் எல்லாம் வலது கையோரம். இந்தச் சிந்தனை ஐபிஎம்மின் லோட்டஸ் சிம்பொனி என்ற ஆபீஸ் மென்பொருளிலிருந்து வந்தது. ஐபிஎம் நன்கொடையாகக் கொடுத்த நிரலில் இருந்து 2013-இல் ஓபன் ஆபீஸ் 4.0-க்குப் போய், அதே வருஷம் லிப்ரே ஆபீஸுக்கும் வந்தது. திறந்த மூலத்தில் நல்ல யோசனைக்குச் சாதி, ஊர் கேட்பதில்லை.

இந்த வேலை நடக்கும் விதமும் ரசிக்கத்தக்கது. மாணவர் எழுதிய ஒவ்வொரு மாற்றமும் ‘கெரிட்’ என்ற பொது மேடையில் வைக்கப்படும். அனுபவசாலிகள் வரி வரியாகப் படித்து, இது ஏன், அதற்கு என்ன அவசியம் என்று கேட்பார்கள். ஒத்துக்கொண்டால்தான் உள்ளே போகும். கேள்வியும் பதிலும் இணையத்தில் எவரும் படிக்கக் கிடக்கும். அடக்கம் வகுப்பில் கற்றுக்கொடுத்து வருவதில்லை. இப்படி நாலு பேர் முன்னால் ‘வேண்டாம்’ என்று கேட்டுக் கேட்டு வருவது.

சேலம், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் கல்லூரிப் பேருந்து போகாத சாலை கிடையாது. அவற்றில் கணினிப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் கடைசி வருஷம் புராஜெக்ட் செய்ய வேண்டும். நூலக நிர்வாகம், விடுதி நிர்வாகம், மாணவர் வருகைப்பதிவு என்று அதே நாலு தலைப்பு வருஷா வருஷம் சுற்றி வருகிறது. காசு கொடுத்தால் தயாராகவே கிடைக்கிறது. வைவா முடிந்த மறுநாள் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதே உழைப்பை லிப்ரே ஆபீஸில் போட்டால் கோடிக்கணக்கானவர்கள் திரையில் அது வேலை செய்யும். புதியவர்களுக்கென்றே ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று சின்னச் சின்ன வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இடைமுகத்தில் சொல் முட்டும் பட்டன்கள் உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். குறைப்பதிவு செய்வதற்கு நிரல்கூட எழுத வேண்டாம், ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு வரி எழுதினால் போதும். கோடைத் திட்டத்தில் 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; பதினெட்டு வயது நிரம்பி, திறந்த மூலத்துக்குப் புதியவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம். எந்தெந்த அமைப்புகள் என்ற பட்டியல் பொதுவாகப் பிப்ரவரிக் கடைசியில் வரும், விண்ணப்பம் மார்ச்சில். அதற்கு முன்பே ஒரு சின்ன மாற்றமாவது உள்ளே போயிருந்தால் உங்கள் விண்ணப்பத்தைக் கவனித்துப் படிப்பார்கள்.