பெயர்ப் பட்டியலும் பெண்ணும்

தொலைக்காட்சித் தொடரை ஒரு நூலைப் போல் எடுத்து ஆராய்தல் தகுமோ என்று பண்டிதர் சிலர் வினவக்கூடும். செர்டாங் பட்டணத்திலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் மாலைப்பொழுதில் நம் பெண்மக்கள் பலர் கதை கேட்பது திரையின் வாயிலாகவே ஆதலின், அவ்வினாவிற்கு விடை தேடி நாம் காலம் போக்கப் போவதில்லை. 2020 முதல் 2023 வரை நான்கு பருவங்களாக நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்னும் ஆங்கிலத் தொடரே இங்கு நாம் எடுத்துக்கொண்டது.

இதனை லாங் ஃபிஷர் என்பாருடன் சேர்ந்து படைத்தவர் மிண்டி காலிங். தந்தை வழியில் இவர் தமிழர். சொக்கலிங்கம் என்னும் குடும்பப் பெயர் மேடை அறிவிப்பாளர் நாவில் ஓயாது சிதைந்தமையால், அதனைக் காலிங் எனத் தாமே சுருக்கிக்கொண்டார். அமெரிக்காவில் 2005-இல் தொடங்கிய 'தி ஆபீஸ்' தொடருக்கு எழுத அமர்ந்த எண்மருள் பெண் இவர் ஒருவரே. வெள்ளையரல்லாதாரும் இவர் ஒருவரே. வேற்றினத்தாருக்கு இடமளிக்கும் திட்டமொன்றின் வழியே உட்சென்றமைக்காக நெடுங்காலம் வெட்கியிருந்ததாக இவர் கூறியுள்ளார். ஏழு நாற்காலிகளை ஓரினத்து ஆடவருக்கே அளித்தவர்கள் என்றேனும் வெட்கியதாக நாம் கேள்விப்படவில்லை.

அத்தொடர் எம்மி பரிசுக்கு உரியதானபோது நிகழ்ந்ததை இவர் 2019-இல் வெளியிட்டார். தயாரிப்பாளர் தொகை மிகுந்துவிட்டதென்று காரணங்காட்டி இவர் பெயரைப் பட்டியலினின்று நீக்க முற்பட்டனராம். தாம் செய்த பணி முழுவதையும் கட்டுரையாக எழுதித் தரவேண்டியிருந்தது. உடனிருந்த வெள்ளை ஆடவரிடம் நற்சாட்சிக் கடிதங்களும் பெறவேண்டியிருந்தது. எவரையும் தனியே குறிவைக்கவில்லை என்றும், அவ்வழக்கம் பின்னர் ஒழிந்ததென்றும் பரிசுக் கழகத்தார் விடை பகர்ந்தனர். தம்மைப் போலவே எழுதியும் நடித்தும் தயாரித்தும் வந்த பிறர் பெயர்களில் மட்டும் எவரும் கைவைக்கவில்லையே என்று இவர் மறுத்துரைத்தார்.

தோட்டத்து வாசகருக்கு இது விளங்காத கதையன்று. 1920-களின் இறுதியில் மலாயாவின் சில பகுதிகளுக்கு அரசாங்கம் வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசுக்கும் ஒரு விதி இருந்தது. அவ்விதியை வகுத்தவரும் எவரையும் குறிவைக்கவில்லை என்றே சொல்லியிருப்பர்!

இவ்வரலாற்றை அறிந்தபின் தொடரின் இரண்டாம் பருவத்தைக் காண்போர்க்குக் கமலாவின் பகுதி தனிச்சுவை தரும். ஆராய்ச்சிக் கூடத்தில் உழைத்தவள் அவள். வெளிவரும் கட்டுரையிலோ அவள் பெயர் இல்லை. பொறுத்துப் போ என்னும் புத்திமதி அவளுக்கும் கிடைக்கிறது. அவளோ தன் பெயரைத் தானே சேர்த்துவிடுகிறாள். கண்ணீரும் நீண்ட வசனமும் இன்றி, விளையாட்டைப் போல இதனை நடத்தியிருப்பதே எழுத்தின் திறம். தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவில் குடியேறிய ஈழத்தமிழர் மகள்; ஏறத்தாழ 15,000 பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரது மாநிறத்தை மாவு பூசி மறைக்கவில்லை. நம் வீடுகளுக்கு வரும் தமிழ்த் தொடர்களிலோ, கதாநாயகிக்கு வெண்ணிறமும் வேலைக்காரிக்குக் கருநிறமும் என்பது இன்னும் எழுதாச் சட்டமாக நிற்கக் காண்கிறோம்.

ஆயினும் முழுமனத்தோடு புகழ நமக்கு இயலவில்லை. முதற்பருவத்து விநாயகர் பூசைக் காட்சியில், முஸ்லிம் ஒருவரை மணந்ததால் உற்றாரால் விலக்கப்பட்ட பெண்ணொருத்தி வருகிறாள். விலக்கியவர்களை நோக்கி ஒரு வினா எழவேண்டிய இடம் அது. ஆசிரியரோ அவளையே மணமுறிவுற்றவளாக்கி, பெரியோர் சொல் கேளாமைக்கு வருந்தவும் வைக்கிறார். பின்னைய பருவங்களில் கமலா தன் துணையைத் தானே தெரிந்தெடுக்கிறாள் என்பது உண்மையே. விலக்கப்பட்டவளுக்கு அந்நியாயம் கிட்டவில்லை. சாதியைப் பற்றியோ, வாய் திறவாமை. தமிழ்க்குடும்பம் என்று சொல்லப்பட்ட அவ்வீட்டிலும், தமிழ் ஓரிரு சொல்லுக்கு மேல் அரிதாகவே ஒலிக்கிறது.